ஆறாயிரம் அடி: ஒரு திருத்தம்

1

"அப்பா, உன்னை ஆறாயிரம் வாட்டி அடிச்சது யாரு?"

கேட்டது என் மகள் இனியா. வயது பதினொன்று. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் சாப்பாட்டு மேசையில் பள்ளிக் கணினியைத் திறந்து வைத்திருந்தாள். திரையில் என் பழைய வலைப்பூ. மொழிபெயர்ப்பான் அதை ஜெர்மனாக்கித் தந்திருந்தது. இனியாவுக்குத் தமிழ் பேச வரும். எழுத்துக் கூட்டிக் கடைப் பலகை வரை படிப்பாள். ஒரு முழுப் பத்தி அவளால் ஆகாது.

பள்ளியில் ஒரு பாடம் கொடுத்திருந்தார்கள். அப்பாவோ அம்மாவோ இப்போதைய வேலையை எப்படிப் பெற்றார் என்று வகுப்பில் ஐந்து நிமிடம் பேச வேண்டும்.

"லீனாவோட அப்பா அப்ளிகேஷன் போட்டாராம். யோனாஸோட அம்மா போன் பண்ணிக் கேட்டாங்களாம். ரெண்டும் போர். நீ அடி வாங்கி வேலை வாங்கியிருக்க. நான்தான் பெஸ்ட்டா பேசப்போறேன்."

ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்திலுள்ள இந்தச் சிறு நகரத்துக்கு நாங்கள் வந்து இந்த மாதத்தோடு ஏழு ஆண்டுகள். ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் இளைஞர்கள் அவ்வப்போது எனக்கு எழுதுகிறார்கள். வலைப்பூ எழுதியே வெளிநாட்டில் வேலை பிடித்தீர்களாமே, எப்படி என்று கேட்கிறார்கள். சுருக்கமாக, உற்சாகமாகப் பதில் எழுதுவேன். அந்தப் பதில்களில் ஒரு பகுதி இருக்காது. இனியா கேட்டது அந்தப் பகுதியைத்தான்.

"என்னை யாரும் அடிக்கலம்மா" என்றேன்.

"இங்க போட்டிருக்கே" என்று திரையைத் தட்டினாள்.

2

நான் ஓசூரில் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபராக இருந்தவன். நெடுஞ்சாலை விபத்து, ராகி வயலில் யானை, குடிநீர் மறியல். வட்டாரப் பக்கத்தை நிறுத்தியபோது என்னையும் நிறுத்தினார்கள். தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு ஆலையில் டெஸ்பாட்ச் எழுத்தரானேன். பெட்டிகளை எண்ணி, சீட்டு ஒட்டி, லாரியில் ஏற்றி அனுப்பும் வேலை.

அங்கே பிரஸ் இயந்திரங்கள் எஃகுத் தகட்டை வெட்டி வளைக்கும். மேலிருந்து நூற்றைம்பது டன் எடை ஒரு முறை இறங்கி ஏறினால் அதற்குப் பெயர் ஒரு அடி. அந்த ஆலையில் தமிழ், தெலுங்கு, கன்னடம், ஒடியா, இந்தி எல்லாம் ஓடும். அடிக்கு மட்டும் எல்லோருக்கும் அடிதான். இயந்திரத்திடமிருந்து எண்ணிக்கையைக் கறப்பதை 'அடி வாங்குவது' என்பார்கள். "லஞ்சுக்குள்ள மூவாயிரம் அடி வாங்கணும்டா!" என்று மேற்பார்வையாளர் கத்துவார். சாயங்காலத்துக்குள் ஆறாயிரம். ஒவ்வோர் இயந்திரத்திலும் எண்ணிக்கை காட்டும் கவுன்டர் ஒன்று உண்டு. அதைப் பார்த்தே நாள் நகரும்.

பிரஸ்ஸை இறக்க இரண்டு பட்டன்களை இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். அப்போது இரண்டு கையும் வெளியே இருக்கும் என்பது கணக்கு. ஆனால் தகட்டை வைத்து, கையை எடுத்து, இரண்டையும் அழுத்தினால் ஆறாயிரம் வராது. அதனால் பழைய சைக்கிள் டியூபை நீளமாகக் கிழித்து, ஒரு பட்டனை அழுத்தியபடியே கட்டிவிடுவார்கள். ஒரு கை தகட்டுக்கு, ஒரு கை பட்டனுக்கு.

முனிரத்தினம் நாட்றாம்பாளையத்துக்காரன். வீட்டில் தெலுங்கு, ஆலையில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். என்னைப் 'பேப்பரண்ணா' என்பான். அவன் பிரஸ் என் டெஸ்பாட்ச் மேடைக்கு நேர் எதிரே இருந்தது. ஒரு வியாழக்கிழமை காலை, தேநீர் வருவதற்குச் சற்று முன், தகடு சற்றே கோணலாக உட்கார்ந்தது. இடது கையால் அதைத் தள்ளினான். வலது கை பழக்கத்தில் பட்டனை அழுத்தியது.

சத்தம் வித்தியாசமாக இல்லை. அதைத்தான் நான் முதலில் குறித்துக்கொண்டேன். எஃகை அடிக்கும் அதே சத்தம். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் இரண்டாம் கணுவோடு போயிருந்தன. வெட்டுப்படவில்லை, நசுங்கித் தகட்டோடு தகடாக ஒட்டியிருந்தன. முனிரத்தினம் கத்தவில்லை. கையைத் தூக்கிப் பார்த்தான். பிறகு கவுன்டரைப் பார்த்தான். அதன் பிறகுதான் உட்கார்ந்தான். மேற்பார்வையாளர் ஓடி வந்து முதலில் செய்த காரியம், பட்டனிலிருந்த டியூபை அவிழ்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டது. அடுத்த ஆள் அந்த இயந்திரத்துக்கு இருபது நிமிடத்தில் வந்தான். அவன் பையிலும் ஒரு டியூப் இருந்தது.

3

எழுதிக் கேட்கும் தம்பிகளுக்காக, நான் செய்ததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

'பத்து விரல்' என்று ஒரு வலைப்பூ தொடங்கினேன். அதோடு ஒரு படப் பக்கம். விதி ஒன்றுதான்: கையை மட்டும் காட்ட வேண்டும். முகம் கிடையாது, ஆளின் பெயர் கிடையாது, ஆலையின் பெயர் கிடையாது. விரல் போன கை அன்றாடம் ஏதாவது ஒரு காரியம் செய்வதுபோல் படம். முனிரத்தினத்தின் கை தேநீர் டம்ளரைப் பிடித்திருந்தது. அதுதான் முதல் பதிவு. பிறகு சட்டைப் பட்டன் போடும் ஒரு கை. பெண் குழந்தைக்குச் சடை பின்னும் ஒரு கை. கீழே செய்தி நடையில் ஐந்து வரி: என்ன இயந்திரம், என்ன பாகம், எந்த நேரம், எந்தத் தடுப்பு எப்படி முடக்கப்பட்டிருந்தது. அதன் கீழே நானே வரைந்த படம், அளவுகளோடு. டியூப் எங்கே சுற்றுகிறது, எத்தனை சுற்று, அவிழ்க்க எத்தனை நொடி. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் தலைப்பு. ஷிப்ட் மாறும் நேரத்தில் பதிவேற்றுவேன். ஆலைப் பேருந்தில் ஏறியதும் எல்லோரும் போனைத்தான் பார்ப்பார்கள்.

நான் ஒட்டும் சீட்டுகளில் வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களின் பெயர்கள் இருந்தன. அவற்றின் பாதுகாப்பு அதிகாரிகளை வேலைவாய்ப்புத் தளத்தில் தேடிப் பின்தொடர்ந்தேன். வேலை கொடுங்கள் என்று ஒருவருக்கும் எழுதவில்லை. அவர்கள் பதிவுகளுக்குக் கீழே பொருத்தமான இடத்தில் என் வரைபடத்தை மட்டும் வைப்பேன். 'இந்தப் பட்டன் இங்கே இப்படிக் கட்டப்படுகிறது.' அவ்வளவுதான்.

அப்படித்தான் பிராண்ட் என்ற ஜெர்மன் பெண் அதிகாரி என் முதல் பதிவுக்கு வந்தார். மொழிபெயர்ப்பானை அழுத்தினார். நான் எழுதியிருந்த வாக்கியம்: 'இங்கே ஒரு ஆள் ஒரு நாளைக்கு ஆறாயிரம் அடி வாங்க வேண்டும், மதியத்துக்குள் மூவாயிரம்.' அவர் திரையில் தெரிந்த வாக்கியம்: ஒரு தொழிலாளிக்கு நாளுக்கு ஆறாயிரம் உதை விழுகிறது, அதில் பாதி மதிய உணவுக்கு முன்.

4

பிராண்டும் இன்னொருவரும் விசாரணைக்கு வந்தார்கள். மொழிபெயர்க்கச் சென்னையிலிருந்து ஒரு பெண். ஆலைத் தமிழ் அவருக்குப் புதிது. கை ஆறிப் பேக்கிங் பகுதிக்கு மாறியிருந்த முனிரத்தினத்தைத் தனியாக நிறுத்திக் கேட்டார். நான் மூன்று மீட்டர் தள்ளிப் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ஒரு நாளைக்கு ஆறாயிரம் அடின்னு சொல்றாங்களே, உண்மையா?"

"உண்மைதாங்க மேடம். சில நாளு ஆறரை கூட வரும்."

"குறைஞ்சா?"

"குறைஞ்சா உடமாட்டாங்க. நின்னு வாங்கிட்டுத்தான் போகணும்."

"நீங்க எதிர்த்துக் கேக்கலையா?"

"என்னாத்துக்கு மேடம்? சம்பளமே அதுக்குத்தான?"

அந்தப் பெண்ணின் பேனா நின்றது. முகம் வெளிறியது. நான் அந்த முகத்தைப் பார்த்தேன். என்ன நடக்கிறது என்று எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. வாயைத் திறந்தேன். அதற்குள் பிராண்ட் ஒரு பிரஸ்ஸின் முன் குனிந்து, கட்டியிருந்த டியூபைக் கையால் தொட்டு, தன் போனிலிருந்த என் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "மூன்று சுற்று" என்றார் ஆங்கிலத்தில். சரியாக மூன்று சுற்று. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடினேன்.

பத்தே நாளில் என்னை வீடியோவில் அழைத்தார். ஆலைகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி தரும் பிரிவில் ஆள் வேண்டும் என்றார். கடைசிக் கேள்வி: "தொழிலாளர்கள் அடிக்கப்படுவதை எழுத உங்களுக்குப் பயமாக இல்லையா?"

"பயம் இருந்தது" என்றேன்.

அந்த வாக்கியத்தில் பொய் இல்லை. பத்திரிகையில் இருந்தவனுக்கு அப்படிச் சொல்ல வரும். தவறான செய்தி வந்தால் மறுநாளே திருத்தம் போட வேண்டும் என்றும் அதே பத்திரிகையில்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

5

விசாரணை அறிக்கையில் 'ஊழியர்கள் அடிக்கப்படுவதை ஊழியரே உறுதிசெய்தார்' என்று வந்தது. வெளிநாட்டு ஆர்டர் நின்றது. ஆலை நிர்வாகம் ஆள் அனுப்பும் கான்ட்ராக்டரை நீக்கியது. அவர் மூலம் வந்த தொழிலாளர்களில் பலர் வேலையிழந்து ஒரே வாரத்தில் ஊருக்குப் பேருந்து ஏறினார்கள்.

அடுத்த திங்கட்கிழமை, மதியம் இரண்டரை மணி ஷிப்ட் மாற்றம். டெஸ்பாட்ச் மேடையிலிருந்து இரும்பு வலைக்கு அப்பால் வண்டி நிறுத்துமிடம் தெரியும். பதினைந்து மீட்டர். முனிரத்தினம் தன் பைக்கில் சாவியைப் போட்டுக்கொண்டிருந்தான். கான்ட்ராக்டரின் ஆட்கள் மூன்று பேர் வந்தார்கள். இருவர் அவனிடம் போனார்கள். மூன்றாமவன் என் மேடைக்கு வந்தான். என் காலடியில், பெட்டி அடுக்கும் மரப் பேலட் ஒன்றின் உடைந்த கட்டைகள் கிடந்தன.

"கொஞ்சம் நகருங்க சார்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

நான் நகர்ந்தேன். அவன் கட்டைகளைப் புரட்டி, ஆணி நீட்டிக்கொண்டிருந்த ஒன்றை ஒதுக்கிவிட்டு, ஆணி இல்லாத ஒன்றை எடுத்தான். நீளம் மூன்றடி இருக்கும்.

"தினம் ஆறாயிரம் வாங்கறியாமே? மேடம்கிட்டச் சொன்னியாமே?" இது முதல் ஆள். பிறகு பெங்களூர்ப் பக்கம் நண்பனைக் கூப்பிடுவது போல, "எண்ணிக்கோ குரு" என்றான்.

முதல் அடி வலது முன்கையில். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டாவது அதே இடத்தில். அவன் தரையில் விழுந்து சுருண்டு, விரல் போன இடது கையை வயிற்றுக்கடியில் மறைத்துக்கொண்டான். மிச்சமிருந்ததைக் காப்பாற்றும் பழக்கம். விலாவில் விழுந்தது. ஷூ காலால் வாயில் ஒருவன் மிதித்தான். பற்கள் சிமென்ட் தரையில் தெறித்தன. காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கிச் சட்டைக் காலரில் ஊறியது. சுற்றிலும் நாற்பது பேர் பைக் எடுக்க வந்தவர்கள் நின்றார்கள். ஒருவர் ஹாரன் அடித்தார், வழி விடச் சொல்லி.

நான் போனை எடுத்தேன். கேமராவைத் திறந்தேன். மறுநாள் காலை கிருஷ்ணகிரியில் என் மீது வழக்கு ஏதும் இல்லை என்று போலீஸ் சான்றிதழ் வாங்க வேண்டும். விசாவுக்கு அது தேவை. போனைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். அவர்கள் போன பிறகுதான் மேடையிலிருந்து இறங்கினேன்.

மருத்துவமனையில் காவலர் கேட்டார்.

"எப்படியா ஆச்சு?"

"வண்டில இருந்து விழுந்துட்டன் சார்." பல் போன வாயில் சொற்கள் வழுக்கின.

"விழுந்தா கட்டை கட்டையாவா தடிப்பு வரும்?"

"எங்க ஊர் ரோடு அப்படி சார்."

காவலர் என்னைப் பார்த்தார். "நீங்க பாத்தீங்களா?"

நான் பதில் சொல்லுமுன் முனிரத்தினம் சொன்னான்: "அண்ணன் அப்புறமாத்தான் சார் வந்தாரு. பேப்பரண்ணா, நாளைக்கு உங்களுக்குக் கிருஷ்ணகிரில வேலை இருக்குதில்ல? கெளம்புங்க."

நான் கிளம்பினேன். மறுநாள் சான்றிதழ் வாங்கினேன். பாதகமாக எதுவும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது.

6

இங்கே வெளிநாட்டவர் அலுவலகத்தில் எனக்கென்று ஒரு கோப்பு உண்டு. வேலைக்கு எடுத்த காரணத்துக்கு ஆதாரமாக அந்த வலைப்பூவின் ஜெர்மன் அச்சுப்படியை நிறுவனம் இணைத்திருந்தது. பக்கத்தின் மூலையில் முத்திரை. வசிப்புரிமையைப் புதுப்பிக்கப் போனபோது ஒரு வயதான அலுவலர் அதை நிதானமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். மேசையிலிருந்த மிட்டாய்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். வழக்கமாக ஆறு வாரம் ஆகும் அட்டை மூன்று வாரத்தில் வந்தது. மிட்டாயையும் எடுத்துக்கொண்டேன்.

ஜெர்மனில் இயந்திரத்தின் அடிக்கு 'ஹூப்', மனிதனின் அடிக்கு 'ஷ்லாக்'. எனக்கு இது முதல் பயிற்சி வகுப்பில் தெரியாது. "இங்கே ஒருவருக்கு மணிக்கு எத்தனை ஷ்லாக்?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பு சிரித்தது. ஒருவர் தன் ஃபோர்மேனைப் பார்த்து முஷ்டியை ஆட்டினார். நானும் சிரித்தேன்.

7

இனியா கேட்டது செவ்வாய். முனிரத்தினத்துக்கு வெள்ளிக்கிழமை போன் செய்தேன். வெள்ளி குந்தாரப்பள்ளிச் சந்தை. அங்கே இப்போது அவன் மாட்டுத் தரகன். வலது முன்கை கோணலாகத்தான் சேர்ந்தது, பிரஸ் வேலைக்கு ஆகாது. ஆண்டுக்கு ஒரு முறை பொங்கலுக்குப் பேசுவோம். அடியைப் பற்றிப் பேசியதில்லை. வீடியோவில் அவனுக்குப் பின்னால் மாடுகள் நின்றன. இனியா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பா, நான் யாருன்னு தெரிதா?" என்று இடது கையைத் திரைக்கு நேராகக் காட்டினான்.

"டீ டம்ளர்!" என்றாள் இனியா.

அவன் சிரித்தான். முன் பல் வரிசை செயற்கை. "அதான். துண்டுக்கடியில வெரலப் புடிச்சுத்தான் இங்க பேரம். நான் எடது கையக் குடுத்தன்னா எவனுக்கும் கணக்குப் புரியாது."

நான் விஷயத்தைச் சொன்னேன். தவறான மொழிபெயர்ப்பு, அந்தச் சென்னைப் பெண், எனக்கு அன்றே தெரிந்திருந்தது, நான் சொல்லாமல் விட்டது. திருத்தம் போடப்போகிறேன் என்றேன். பின்னால் யாரோ ஒரு மாட்டின் விலையைக் கத்தினார்கள்.

"ஏழு வருசம் ஆச்சே. உங்க பேப்பரு ரொம்ப லேட்டுங்ணா."

"ஆமா."

"அந்த அடிக்கு அர்த்தம் எனக்கு ஆஸ்பத்திரிலயே புரிஞ்சுது. அவனுங்க கேட்டதுலயே தெரிஞ்சிபோச்சு. நீங்களே சொல்வீங்கன்னு பாத்தன்." கன்றுக்குட்டி ஒன்று கத்தியது. அவன் அதன் கயிற்றை இழுத்துப் பிடித்தான். "போடுங்க. சரியாப் போடுங்க. ஆறாயிரம் மெஷினு. எனக்கு விழுந்தது பதினேழு."

என் குறிப்பேட்டில் 'பத்து, பன்னிரண்டு' என்று இருந்தது. பதினைந்து மீட்டர் தூரத்தில் நின்ற நிருபரின் குறிப்பு.

"எண்ணுனியா?"

"எண்ணிக்கோன்னானுங்க. நான் பிரஸ்காரன், என்ன பண்றது? கவுன்டரு மாதிரி அதுவா ஓடுச்சு. பதினேழுல நின்னுச்சு." பிறகு, விலை சொல்லும் அதே குரலில்: "அவன் கட்டைய எடுக்க வந்தப்ப நீங்க நகந்தீங்கல்ல? அதையும் போடுங்க."

நான் அவனுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

"போடறேன்."

"எம் பேரையும் போடுங்க. கைய மட்டும் போட்டுப் போட்டு, எல்லாரும் என்னை ஒரு கைன்னே நெனச்சுட்டானுங்க." பின்னாலிருந்து யாரோ கூப்பிட, வருவதாகத் தெலுங்கில் குரல் கொடுத்துவிட்டுப் போனை வைத்தான்.

8

திங்கட்கிழமை பிராண்டிடம் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மூன்று சுற்று உண்மைதானே?" உண்மை என்றேன். "அந்த மூன்று சுற்றுக்காகவே உங்களை எடுத்திருப்பேன்" என்றார். சற்றுக் கழித்து, "அந்த அறிக்கையில் என் கையெழுத்து இருக்கிறது. நடந்ததை எழுதிக்கொடுங்கள், மேலே அனுப்ப வேண்டும்" என்றார். மிட்டாய் எதுவும் தரவில்லை. எழுதிக்கொடுத்தேன். என்ன ஆகும் என்று இதை எழுதும்போது தெரியாது.

தம்பிகளே, படம் எடுங்கள், வரையுங்கள், மூன்று மொழியில் எழுதுங்கள். நான் சொன்ன வழி வேலை செய்யும். எனக்குச் செய்தது.

இனியா தன் பேச்சை மாற்றி எழுதினாள். "அப்போ நீ ஹீரோ இல்லை" என்றாள். குற்றம் சாட்டும் குரல் இல்லை, சரிபார்க்கும் குரல். "இல்லை" என்றேன். ஆறாயிரத்துக்கு ஹூப் என்று எழுதினாள். பதினேழுக்கு எதை எழுதுவது என்று அவள் என்னிடம் கேட்கவில்லை. அது அவள் மொழி. முனிரத்தினம் என்ற பெயரை மட்டும் தமிழில் எழுதித் தரச் சொன்னாள். ஏழு எழுத்தையும் பார்த்துப் பார்த்துத் தானே ஒரு முறை எழுதினாள்.

நேற்று வலைப்பூவில் இதை வெளியிட்டேன்:

திருத்தம். 'பத்து விரல்' முதல் பதிவில், ஒரு தொழிலாளி நாளொன்றுக்கு ஆறாயிரம் அடி வாங்குவதாக எழுதியிருந்தேன். அது இயந்திரம் இறங்கிய எண்ணிக்கை. மனிதர்கள் அடித்தது பதினேழு. வாங்கியவர் நாட்றாம்பாளையம் முனிரத்தினம். எண்ணியவரும் அவரே. அடித்தவர்களில் ஒருவர் கட்டை எடுக்க வந்தபோது நகர்ந்து வழிவிட்டவர், இந்தப் பதிவை எழுதியவர். தவறுக்கு வருந்துகிறேன்.